தண்ணீருக்கடியில் தமிழ்ப் பெண்ணுக்கு என்ன வேலை?

கடந்த வாரம் நான் உண்மை பேசினேன்.

பதற வேண்டாம். இந்தப் பத்தியில் அல்ல — ஒரு பொலிஸ் நிலையத்தில். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். நான் இன்னும் கொழும்பில்தான் குடியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மாலைதீவுக்குப் போகத் திட்டம் போட்டிருந்தேன். தனியாக. மலிவாக. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்திப் பார்க்க.

சிரிப்பு வருகிறதா? என் அம்மாவுக்கும் வந்தது. "நம்மளச் சுத்தி இருக்கிறதெல்லாம் கடலுதானேடி. இன்னொரு தீவுக்குப் போயி தண்ணிக்குள்ள என்னத்தத் தேடப் போற? எதையும் தொலைச்சிட்டியா?" என்றார்.

கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். அந்த வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். பெருமைதான், மறைப்பானேன்? தம்பிக்குக் கல்யாணமான பிறகு அங்கே எனக்குப் படுக்க இடமில்லை. வெள்ளவத்தையில் கமலா அன்ரி வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் வேலை.

அப்பாவுக்குக் கடல் என்றால் கப்பல் வந்து நிற்கும் இடம். எனக்கு, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஓர் ஆசைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையா என்ன?

ஹிக்கடுவையில் டைவிங் கற்றுத் தருபவர் சுனில் அய்யே. சிங்களத்தில் அவர் எனக்கு அய்யே, அண்ணன்; நான் அவருக்கு நங்கி, தங்கை. ஞாயிறு காலை ரயிலில் போய்விடுவேன். ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தில் வகுப்பு. முகமூடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். முதல் நாள் ஊதுவதற்குப் பதிலாகக் குடித்துவிட்டேன். "நங்கி, ஹோட்டல்காரனுக்கும் கொஞ்சம் தண்ணி மிச்சம் வைங்க" என்று சிரித்தார் மனிதர்.

தண்ணீருக்கடியில் முதல் விதி எது தெரியுமா? மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. எந்த நேரமும் விட்டுக்கொண்டே, எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த யுத்தத்தில் சோதனைச்சாவடியைக் கண்டதும் தானாகவே மூச்சை அடக்கிப் பழகிய எனக்கு, இந்த ஒன்றுதான் கடைசிவரை வரமாட்டேன் என்றது.

குளத்துப் பாடம் முடிந்தது. கடல் தெளிந்ததும் ஹிக்கடுவையில் நாலு தடவை இறங்கினால் சான்றிதழ் அட்டை கையில். அட்டை இருந்தால் மாலைதீவில் படகில் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் அங்கேயே படிக்க வேண்டும் — என் சம்பளத்தில் அந்தக் கனவைக் கனவில்தான் காணலாம். ஆகவே படிப்பு இங்கே, கடல் அங்கே. மாலே நகரத்தில் ஒரு சின்ன லொட்ஜ், தேநீர்க்கடையில் மீனும் ரொட்டியும். பெரிய ஹோட்டல்கள் இருக்கும் தீவுகளின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. விசாவுக்குக்கூட முன்னதாக அலைய வேண்டாம். போய் இறங்கிப் பாஸ்போட்டைக் காட்டினால் போதுமாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வர நான் அதைவிட அதிகம் காட்ட வேண்டியிருக்கிறது!

எல்லாம் சரி. கமலா அன்ரியிடம் சொன்னேனா... அங்கேதான் பிடித்தது சனி.

நம் வீடுகளில் யார் யார் படுத்தெழும்புகிறார்கள் என்று பொலிஸில் பதிந்திருக்கும் — உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேடுதலுக்கு வந்து தலை எண்ணும்போது பதிவில் இருக்கும் ஆள் வீட்டில் இல்லையென்றால், பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

"பிள்ளை, ஒரு கிழமை நீர் இல்லையெண்டால் நான் அவங்களுக்கு என்ன சொல்லுறது?"

"மாலைதீவுக்குப் போயிருக்கிறாள்னு சொல்லுங்க அன்ரி."

"ஏன் போனவ எண்டு கேட்டால்?"

"டைவிங் பண்ண."

அன்ரி எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"உமக்கென்ன விசரே? தமிழ்ப் பிள்ளை ஒண்டு சுழியோடப் பழகுது எண்டு என்ர வாயால நான் சொல்லவோ? கடலுக்க நேவிக் கப்பலுகளுக்கு என்ன நடக்குது எண்டு பேப்பரில எழுதுற உமக்குத் தெரியாதே? மாமான்ர மகளுக்குக் கலியாணம் எண்டு சொல்லிப்போட்டுப் போம்."

"எனக்கு மாமாவே இல்லையே அன்ரி?"

"இண்டைக்கு ஒருத்தர் பிறக்கட்டும்!"

அன்ரிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இருவரும் தேடுதலில் முதலில் பிடித்துப் போகிற வயதில் இருக்கும் இளந்தாரிகள். அவருடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் எனக்கு ரோஷம் வந்தது. நான் என்ன களவெடுத்தேனா? கைநாட்டுக்காரர் மகள் சொந்தக் காசில் ஊர் பார்க்கப் போவதற்கு, இல்லாத மாமாவின் பிறக்காத மகளுக்குத் தாலி கட்டிவைக்க வேண்டுமா? சட்டப்படி நடக்கிறேன். சிங்களம் தெரியும். நேரே போய்ச் சொல்லிவிட்டால், அன்ரிக்கும் பயமில்லை, எனக்கும் பொய்யில்லை.

போனேன். ஒஃபீஸ் சேலையோடு, நிமிர்ந்து.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையானவர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். உட்காரக் கதிரை தந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நங்கியின் சிங்களம் அருமையாக இருக்கிறதே" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிரிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்தார்.

"தண்ணீருக்கடியில் தமிழ்ப் பெண்ணுக்கு என்ன வேலை?"

"மீன் பார்க்க, சேர்."

"மீன் பார்க்கப் மீன் மார்க்கெட்டுக்குப் போனால் போதாதா?"

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதானே?

"யார் சொல்லித் தருகிறார்?"

சொன்னேன். பெயர் சொன்னேன். இடம் சொன்னேன். எந்த ஹோட்டல், எத்தனை சிலிண்டர், காற்று நிரப்பும் மெஷினை எங்கே வைத்திருக்கிறார்... பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை மாதிரி ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பேனாவை எப்போது திரும்ப எடுத்தார் என்றுகூடக் கவனிக்கவில்லை. "நன்றி நங்கி, இப்படி எல்லோரும் வந்து சொன்னால் எங்களுக்கு வேலையே இல்லை" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சனிக்கிழமை காலை அன்ரி வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. சுனில் அய்யே.

"நங்கி, நாளைக்கு வர வேண்டாம். இனிமேலும் வர வேண்டாம்."

"ஏன் அய்யே? என்ன நடந்தது?"

வந்தார்களாம். சிலிண்டர்களையும் மெஷினையும் 'பரிசோதிக்க' ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். சீசன் தொடங்கும் நேரம். யுத்தத்தால் வெள்ளைக்காரர் வருவதே அபூர்வம். வருகிற நாலு பேரையும் எதைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்?

"கோபமில்லை நங்கி. ஒன்றுதான் கேட்கிறேன். என் பெயரை ஏன் சொன்னீர்கள்?"

"நான் உண்மையைத்தானே அய்யே சொன்னேன்..."

"உங்களைப் பற்றிய உண்மையைச் சொன்னீர்கள், சரி. என்னைப் பற்றியதை என்னிடம் கேட்டிருக்கலாமே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அந்தப் பக்கம் அவரே வைத்துவிட்டார்.

அன்ரி பக்கத்திலேயேதான் நின்றார். 'நான் அப்பவே சொன்னனான்' என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவரோடு சண்டை பிடித்திருக்கலாம்.

உண்மைக்கு ஒரு விலை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். படிக்கும்போது எவ்வளவு வீரமாக இருந்தது! பில் இன்னொருவர் வீட்டுக்குப் போகும் என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை. என் நிமிர்ந்த தலை, என் நல்ல சிங்களம், என் ரோஷம் — மூன்றுக்கும் சேர்த்துக் கட்டியவர், என்னை நம்பித் தண்ணீருக்குள் இறக்கிய ஒரு மனிதர்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே பொலிஸ் நிலையம். அதே கதிரை.

"சேர், அவருடைய சாமான்களைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. நான் மாலைதீவுக்குப் போகவில்லை. டைவிங்கும் வேண்டாம். எழுதித் தருகிறேன்."

"சாமான் எங்களிடம் இல்லை நங்கி. மேலே போய்விட்டது. பார்த்து முடிந்ததும் கொடுப்பார்கள்."

"எப்போது?"

"பார்த்து முடிந்ததும்."

"அவர் சிங்கள மனிதர் சேர்... அவரைப் போய்..."

என் வாயிலிருந்து இப்படி ஒரு வாதம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அதிகாரிக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எழும்பி வந்து, சொந்தத் தங்கைக்குச் சொல்வதுபோல் தணிந்த குரலில் சொன்னார்:

"மனம் தளர வேண்டாம் நங்கி. வெள்ளவத்தைக் கடலிலேயே நீந்துங்கள். நீந்த யாரும் தடை சொல்லவில்லை. ஆனால், தலை மட்டும் எப்போதும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும்."

டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டேன். சுனில் அய்யேயின் சிலிண்டர்கள் இதை எழுதும்வரை திரும்பி வரவில்லை. என் தலை தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிகிறது — யார் வேண்டுமானாலும் வந்து எண்ணிக்கொள்ளலாம்!