காற்று பார்த்துப் போட்ட மூட்டம்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊதியதால் நேரம் மறக்கவில்லை. கனடாவில் நான் வாழும் ஊரின் மருத்துவமனையில், ஒரு நர்ஸ் என் மூக்கை கிளிப்பால் அடைத்து, வாயில் அட்டைக் குழாயைக் கவ்வச் சொன்னார். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்குக்கூட உற்சாகப்படுத்துகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவதைப் போல, "ஊதுங்கள், இன்னும், இன்னும், விடாதீர்கள்" என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். மூன்று முறை ஊதினேன். மூன்றாவது முறை அவருடைய கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. திரையைப் பார்த்தார். என் பிறந்த தேதியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"எத்தனை வருடம் புகைத்தீர்கள்?"

"ஒரு நாள்கூட இல்லை."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது போல ஒரு சிரிப்பு. பிறகு வந்த மருத்துவர் சிரிக்கவில்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. என் நுரையீரலுக்கு எழுபது இருக்கும் என்றார். நான் முன்பே நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தைப் புரட்டினார். புகை, தூசி நிறைந்த இடத்தில் எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருந்தேன். சிறுவயதில் பசியோடு படுத்ததுண்டா என்பதற்கும் 'இல்லை'. அப்படியானால் இது ரத்தத்திலேயே, பரம்பரையாக வந்த குறையாக இருக்கலாம் என்றார். எனக்குச் சோதனை எடுக்க வேண்டும். மகளுக்கும் எடுத்துவிடுவது நல்லது.

என் மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. அன்று மாலை சோதனை விஷயத்தைச் சொன்னதும், பள்ளிப் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "அப்பா, எனக்கும் மூச்சு போயிடுமா?" வீட்டில் தமிழ்தான் பேசுவாள், ஆனால் கேள்விகளை இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல நேராகக் கேட்டுவிடுவாள்.  சமையலறைக்குப் போய், திறக்க வேண்டிய அவசியமே இல்லாத குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அங்குதான் உறைத்தது. நான் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வேண்டுமென்று எழுதிய பொய் இல்லை. நயினார்கோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் பிள்ளைகள் வேலைக்குப் போவதே இல்லை. 'கூடப் போவார்கள்'. அய்யா மரம் வெட்டப் போனால் கூடப் போவது, அக்கா கரி பொறுக்கப் போனால் கூடப் போவது. கூடப் போகிறவனுக்குக் கூலி கிடையாது. கங்காணியின் நோட்டில் பெயரும் கிடையாது. அதனால் அது வேலை என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. பசியைப் பற்றிய கேள்விக்கு வேறு காரணம். 'ஆம்' என்று எழுதினால், செத்துப்போன அய்யாவைப் பற்றி அந்நிய நாட்டில் ஒரு புகார் கொடுத்தது போல ஆகிவிடும் என்று பட்டது.

மறுநாளே போய் நர்ஸிடம் சொன்னேன். சிறுவயதில் மரத்தைச் சுட்டுக் கரி எடுப்போம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, பார்பெக்யூ! எங்கள் வீட்டிலும் கோடைக்காலம் முழுக்க அதுதான்." இல்லை என்று சொல்லி, மேசையிலிருந்த தாளை இழுத்து ஒரு மூட்டத்தை வரைந்தேன். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, நட்டமாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசி, உள்ளே தீயை விட்டுவிடுவோம். நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். அணைந்தபின் பிரிப்போம். பிரிக்கும்போது எழும் கரித்தூளில் பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார். மூட்டத்துக்குப் பக்கத்தில் அதன் உயரத்தில் பாதிகூட இல்லாத ஓர் உருவத்தை வரைந்து, "இது நான், ஒன்பது வயது" என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

அந்தப் படத்தில் நான் வரையாமல் விட்டது அக்காவை. ராக்கு அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு எட்டு, அவளுக்குப் பதின்மூன்று. பெரிய பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. காரியம் முடிந்த அடுத்த வாரம் அவள் புத்தகப் பை ஆணியில் தொங்கியது. அவள் அய்யாவோடு மூட்டத்துக்குப் போனாள், கங்காணியின் நோட்டில் அவள் பெயரும் ஏறியது. நான் சனி, ஞாயிறும் முழு ஆண்டு விடுமுறையும் மட்டும் கூடப் போனேன். மூட்டம் பிரிக்கும் நாளில் நோட்டில் பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு கொடுப்பார்கள். அதைத் தின்றால் நெஞ்சில் படிந்த கரி இறங்கிவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்குப் பெயர் இல்லை, துண்டும் இல்லை. அக்கா தன்னுடையதை என் வாயில் திணிப்பாள். "முழுங்குலே. கரி எறங்கிரும்." உனக்கு என்று கேட்டால், "எனக்குள்ள கரி தங்காதுடா, நான் வாயாடி, பேசிப் பேசியே வெளிய தள்ளிருவேன்" என்பாள்.

இன்னொன்றும், சோதனை முடிவுக்காகக் காத்திருந்த வாரத்தில்தான் புரிந்தது. எங்கள் ஊரில் காற்று பார்த்துத்தான் மூட்டம் போடுவார்கள். அந்தப் பருவத்தில் எந்தத் திசைக் காற்று என்று கவனித்து, நிலத்துக்காரர்கள் வீட்டுப் பக்கம் புகை போகாத இடமாகத் தேர்ந்தெடுப்பார்கள். புகை எங்கள் தெருவுக்கு வரும். அதை யாரும் அநியாயம் என்று பேசிக் கேட்டதில்லை. காற்று அப்படி அடிக்கிறது என்றுதான் பேசினார்கள். கனடாவில் எங்கள் அடுக்ககம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் விளிம்பை இரண்டு நாள் துடைக்காவிட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். வாடகை குறைவு என்று இங்கே வந்தோம். என்னைப் பரிசோதித்த மருத்துவர் ஏரிப் பக்கம் வசிப்பதாகச் சொன்னார். இங்கேயும் காற்று பார்த்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த ஜன்னலுக்கு அடியில்தான் நிலாவின் கட்டில் இருக்கிறது. அதை மறுபக்கச் சுவருக்கு நகர்த்தினேன். அதனால் என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை.

ரத்தச் சோதனையில் பரம்பரைக் குறை எதுவும் இல்லை. நிலாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். மறுநாள் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்துகொண்டிருந்தபோது கை நின்றது. சில வருட விடுமுறைகளில் கூடப் போன எனக்கே இந்தக் கதி. ஏறக்குறைய நாற்பது வருடமாக அதே கரியில் நிற்பவளுக்கு?

இங்கே மாலை, அங்கே விடிந்திருந்தது. போன் செய்தேன்.

"அக்கா, இருமல் இருக்கா?"

"இருமல் இல்லாதவன் இந்த ஊர்ல யாருடா? கோழிகூட இருமுது."

"வெளையாடாத. ராமநாதபுரம் போயி நெஞ்சக் காட்டு. மூச்சு ஊதிப் பாப்பாங்க, அம்புட்டுத்தான்."

"ஊதுறதுக்கு ராமநாதபுரமா? நான் தெனமும் அடுப்பூதுறேன், அதப் பாத்துக்கச் சொல்லு." சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிய வெகுநேரம் ஆயிற்று. கடைசிப் பாதி சிரிப்பு இல்லை, மூச்சிரைப்பு. "மழைக்கு முன்னாடி ரெண்டு மூட்டம் பிரிக்கணும். நீ போனை வையி."

கோடை விடுமுறை தொடங்கியதும் நிலாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஊரில் இறங்கியபோது அக்காவைப் பார்த்து நிலா கொஞ்சம் பின்வாங்கியதைக் கவனித்தேன். ஐம்பத்திரண்டு வயது. வாசலிலிருந்து குடத்தைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றாள். ஒரு வாரம் கெஞ்சினேன், கத்தினேன், படம் வரைந்து காட்டினேன். "எனக்கு என்னலே சீக்கு? சீக்குன்னா படுத்துக் கெடக்கணும். நான் நடமாடிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். என்னோடு ஒரே வகுப்பில் படித்த, நிலத்துக்காரர் வீட்டு மகனைக் கடைத்தெருவில் பார்த்தேன். தினமும் காலையில் கோவில் வரை ஓடிவிட்டு வருகிறானாம். என் வயதுதான்.

ஒரு நாள் மனம் ஆறாமல் நிலாவைப் பாம்பனுக்குக் கூட்டிப்போனேன். பாலத்தில் நிற்கும்போது ஆடிக்காற்று முகத்தில் அறைந்தது. நிலா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள். நானும் இழுத்தேன், பாதியில் எனக்கு முடிந்துவிட்டது. "அத்தைக்கு எவ்வளவு வரும்பா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.  வீட்டுக்கு வந்ததும் அத்தையோடு அடுப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, "டோக்கன் போட்டு வைங்கப்பா, அத்தை பின்னாடி வருவாங்க" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் நிலாவோடு ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு முதல் பஸ்ஸில் போய் டோக்கன் வாங்கினேன். பதினான்காம் எண். பன்னிரண்டு போயிற்று. பதிமூன்று போயிற்று. பதினான்கைக் கூப்பிட்டபோது நான் எழுந்து, இன்னும் வரவில்லை என்றேன். வரிசையில் அடுத்தவர் உள்ளே போனார். பெஞ்சில் நிலா ஓரத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டைப் பையில் இரண்டு நாளில் திரும்ப வேண்டிய விமானச் சீட்டும், ராக்கம்மாள் என்று எழுதிய டோக்கனும் ஒன்றாக மடிந்து கிடந்தன. எதை எடுக்கக் கையை விட்டாலும் இன்னொன்றும் சேர்ந்தே வந்தது.

பன்னிரண்டரை மணிக்கு அக்கா வந்தாள். நல்ல சேலை, நகக்கண்களில் மட்டும் கரி. படி ஏறிய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து இரண்டாக உடைத்தாள். ஒரு பாதி நிலாவுக்கு. மறு பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். நிலா தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, நான் ஊதுனாத்தான் ஒனக்கு என்ன மருந்துன்னு கண்டுபிடிப்பாகளாமே, புள்ள சொல்லுச்சு" என்றாள் அக்கா. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா? ஒரு வாரமா ஒனக்குச் சீக்கு, ஒனக்குச் சீக்குன்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. எங்கன ஊதணும், காட்டு."