முகூர்த்த நாளில் ஒரு பயாஸ் அப்டேட்

திருத்தணியில் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். அவர்கள் கொடுத்த லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். அதைப் போட்டுக் கொடுத்ததும் அவர்கள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மெயில் வந்தது. லேப்டாப்பின் பயாஸை, அதாவது பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும் மென்பொருளை, மாலை ஐந்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அலுவலக இணைப்பு போய்விடும். லிங்கை அழுத்தினேன். விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பு வந்து இறங்கியது.

ஹெல்ப்டெஸ்கைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் மிகப் பொறுமையாகச் சொன்னார்: "அப்டேட்டுக்கு மட்டும் விண்டோஸ் போட்டுக்கங்க சார். முடிஞ்சதும் எடுத்துடலாம்."

நானே தேடியதில், அதே கோப்பைப் பென் டிரைவில் போட்டு பயாஸ் மெனுவிலிருந்து ஏற்றலாம் என்று தெரிந்தது. ஆனால் சார்ஜரில் கரன்ட் இருந்தாக வேண்டும்; பாதியில் நின்றால் லேப்டாப்பே செத்துவிடும். அன்றோ பராமரிப்புக்காக ஊர் முழுக்க மின்தடை.

அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுபவர், கல்யாண மண்டபம் ஒன்றில் மேனேஜர். போன் செய்தேன்.

"முகூர்த்தம்பா இன்னிக்கு. ஜெனரேட்டர் ஓடிகினுதான் இருக்குது, வா," என்றார் பாவா.

சமையற்கட்டை ஒட்டிய அறையில், பூசணிக்காய்களுக்கு நடுவே லேப்டாப்பை வைத்தேன். அப்டேட் எழுபது சதவீதத்தில் இருந்தபோது ஒரு சமையல்காரர் வந்து பிளக்கில் கை வைத்தார்.

"கிரைண்டர் போடணும்ங்க. இத்த புடுங்கட்டா?"

பாவா ஓடிவந்தார். "ஐயோ, தொடாத! ஆபரேசன் நடந்துகினு இருக்குது!"

நூறைத் தொட்டு, திரை அணைந்து, மறுபடி எரிந்தது. லினக்ஸைக் காணவில்லை. புது பயாஸ் எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாற்றிவிட்டு, லினக்ஸை அந்நியன் என்று வாசலிலேயே நிறுத்தியிருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தி உள்ளே நுழைவதற்குள் நாதஸ்வரக்காரர்களே சாப்பிடப் போய்விட்டார்கள்.

வெற்றிச் செய்தி சொல்ல ஹெல்ப்டெஸ்கைக் கூப்பிட்டேன். அதே பெண்தான் எடுத்தார்.

"எங்க ரிப்போர்ட்ல இன்னும் பழைய வெர்ஷன்தான் சார் காட்டுது."

"ஏங்க?"

"வெர்ஷனைப் பார்த்துச் சொல்ற புரோகிராம் விண்டோஸ்ல மட்டும்தான் சார் ஓடும். பரவால்ல, லினக்ஸுக்கு விலக்குன்னு ஒரு டிக் இருக்கு. போட்டுடறேன்."

"காலையிலயே போட்டிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே சார்."

கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியோடு வந்த பெரியவர், "மாப்ள வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டார்.

பாவாதான் பதில் சொன்னார்: "கரன்டுக்கு வந்தவருங்க. நல்லா போடுங்க."