குமணன்சாவடி பானிபூரி

பருத்திப்பட்டில் சர்ச் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டமோ, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தோ நடந்தால் சமையல் தெரசாவுடையதுதான். கைப்பக்குவத்தைவிட அவளுக்குப் பெருமை, தான் சமைத்தது குப்பைக்குப் போனதில்லை என்பது. மீந்ததைக் கவரில் கட்டி, வராதவர்கள் வீட்டுக்கும் அனுப்பிவிடுவாள்.

அதே அன்பியத்து ஃபெலிக்ஸின் மகள் புதுநன்மைக்குச் செய்த கோழி பிரியாணி, மதியம் முழுக்க அண்டாவிலேயே கிடந்து, சாயங்காலம்தான் கவர்களுக்குப் போனது. வீட்டுக்கு வந்த பங்கை அவள் கணவர் எட்மண்ட் ராத்திரி சாப்பிட்டார். விடிவதற்குள் வாந்தி, பேதி.

கிளினிக் பெஞ்சில் வயிற்றைப் பிடித்தபடி அவர் கிசுகிசுத்தார்: "குமணன்சாவடில பானிபூரி துன்னேன்னு சொல்லிர்றேன். நீ கம்முனு இரு."

"நீ எப்பய்யா பானிபூரி துன்ன?"

"துன்னேன்னு சொன்னாத்தான் இன்னா? பெனிட்டோ கல்யாணத்துக்கு ஆக்க உன்னத்தானே கேட்டுக்கீறாங்க. பேரு கெட்டா உடுவாங்களா?"

தெரசாவுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய கல்யாணம் அவளுக்கு இதுதான் முதல் தடவை. பானிபூரியே இருக்கட்டும் என்றும் தோன்றியது.

என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் ஷோபனா கேட்டதும் எட்மண்ட் பானிபூரியை ஒப்பித்தார். "கூட யாராவது சாப்பிட்டாங்களா?" என்றார் டாக்டர்.

எத்தனை வீட்டில் அந்தக் கவர் இருக்கும்? இப்போது சூடு பண்ணி, பிள்ளைகளுக்கு டப்பாவில் போடுகிற நேரம்.

"பானிபூரி இல்லீங்க டாக்டர். நான் ஆக்குன பிரியாணி."

எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுபடி சூடு பண்ணாலும் அந்த விஷம் போகாது. கொட்டச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "யாருக்காவது வந்திருந்தா ஓஆர்எஸ் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும். பேதி நிக்கற மாத்திரைய தாங்களா வாங்கிப் போட வேணாம். ரத்தம் போனாலோ, ஒண்ணுக்குப் போகாம துவண்டாலோ, குழந்தைக்குத் தண்ணிகூட நிக்கலனாலோ உடனே ஆஸ்பத்திரி."

தெரசா வாசலுக்கு வந்து அன்பியம் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள். "தெரசா பேசறேன். நேத்து நான் குடுத்த பிரியாணி கெட்டுப் போச்சு. சூடு பண்ணியும் துன்னாதீங்க, கொட்டிருங்க." டாக்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். திருப்பிக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பினாள்.

கவர் போன வீடுகளில் முதலில் ரெனிதா கூப்பிட்டாள். "இப்பத்தாங்க்கா டப்பாவ மூடினேன், கொட்டிட்டேன். பையன் அழுவறான், பரவால்ல."

ஃபெலிக்ஸ் வீட்டில் ராத்திரியே பேதி தொடங்கியிருந்தது. ஓஆர்எஸ் பாக்கெட்டோடு தெரசா போய் நின்றாள். ஃபெலிக்ஸ் மனைவி வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

எல்லாரும் தேறினார்கள். கல்யாணச் சமையல் கரையான்சாவடிக்காரர் ஒருவருக்குப் போனது.

கல்யாணத்துக்கு இருவரும் போனார்கள். பந்தியெல்லாம் ஓய்ந்து கிளம்பும்போது அந்தச் சமையல்காரர் மீந்ததைக் கட்டிய கனமான கவரை நீட்டினார். பழக்கத்தில் தெரசாவின் கை நீண்டது. கவர் வெதுவெதுவென்றிருந்தது.

"எப்பண்ணா ஆக்குனது?"

"காத்தால."

கவரைத் திருப்பிக் கொடுத்தாள். "கட்டாதீங்கண்ணா, மீந்தத கொட்டிருங்க. நான் பட்டுட்டேன்." சொல்லிவிட்டாளே தவிர, அண்டாவைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"வா," என்றார் எட்மண்ட். "போற வழில பானிபூரி துன்னலாம்."