மஞ்சள் கூட்டிய கல்யாணம்

வீடியோவுக்கு வண்ணம் திருத்துவது என்பது, கல்யாணத்துக்கே போகாத ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, போய்வந்தவர்களின் கண்ணைச் சந்தேகப்படும் தொழில். அந்த நாற்காலியில் கழுத்து வலி வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2004 வாக்கில் பெரம்பலூரில் ரத்தினம் அண்ணன் ஸ்டூடியோவில் இருந்தேன். படம் பிடிப்பது அவர். வெட்டி ஒட்டுவது நான். வண்ணம் திருத்தச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. எதை இழுத்தால் எது மாறுகிறது என்று இழுத்து இழுத்துப் பார்த்துக் கற்றேன்.

வாழைமரம்

ஒரு கல்யாணத்தில், மண்டபத்து டியூப்லைட்டில் எல்லா முகமும் பச்சையடித்துக் கிடந்தது. பச்சையைக் குறைத்தேன். முகங்கள் தெளிந்தன. வாசலில் கட்டிய வாழைமரங்கள் காய்ந்து கருகின. ரத்தினம் அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். "மூஞ்சியக் காப்பாத்திட்ட, சரி. வாசலப் பாத்தா தீப்புடிச்ச மண்டபம் மாதிரியில்ல இருக்கு தம்பி!"

புது வேட்டி

படத்தில் நிஜமாகவே வெள்ளையாக உள்ள ஓர் இடத்தில் சொடுக்கினால், மற்ற நிறங்களைக் கம்ப்யூட்டரே சரிசெய்துவிடும் என்று பிறகு கண்டுபிடித்தேன். அடுத்து வந்தது கீழப்பழுவூர்ப் பெண், அரியலூர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் வேட்டியில் சொடுக்கினேன். புது வேட்டியின் ஓரத்தில் மஞ்சள் தடவுவார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் சொடுக்கியது அந்த மஞ்சளின் மேல் என்பதுதான் தெரியவில்லை. மஞ்சளை வெள்ளை என்று நம்பிய கம்ப்யூட்டர், படம் முழுவதிலும் இருந்த மஞ்சளை உறிஞ்சிவிட்டது. எல்லோரும் லேசாக நீலம் பூத்திருந்தார்கள். குளுகுளுவென்று இருக்கிறது என்று நினைத்து சிடியைக் கொடுத்தனுப்பினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் நேரிலேயே வந்துவிட்டார். "ஏன் சார், எங்க ஆளுங்க அத்தன பேரும் வெசத்தக் குடிச்சிட்டு வந்து மொய் எழுதுற மாதிரி இருக்காங்களே!"

உரசிப் பார்க்காத நகை

அதோடு போயிருந்தால் சிரித்திருக்கலாம். மஞ்சள் போனபோது பெண்ணின் கழுத்தில் கிடந்த நகையும் வெளுத்துவிட்டது. சிடியைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, 'எல்லாம் கவரிங்' என்று முடிவுகட்டிவிட்டார். ஆடிக்குத் தாய்வீடு வந்த பெண்ணை, ஆவணி பிறந்தும் அழைத்துப்போக யாரும் வரவில்லை. பெண்ணின் அப்பா கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். நகையை ஆசாரியிடம் கொடுத்து உரசிப் பார்க்கலாமே என்றேன். "சொன்னேன் தம்பி. உரசுனா ஊருக்குத் தெரிஞ்சு அசிங்கமாயிடுமாம். அதான் டிவியிலயே பாத்துட்டோமேங்கறாங்க."

கைக்குட்டை

மஞ்சளைத் தொடாமல், வேட்டியின் சுத்தமான வெள்ளையில் சொடுக்கினேன். நகை எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. புது சிடியோடு நானும் அண்ணனும் அரியலூர் போனோம். சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்து வீடு. டிவி திரையில் தூசி ஒரு படலமாகப் படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். பாதி வெளுப்பு அதிலேயே போனது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தங்கம் என்றால் நகைக்கடை விளம்பரத்தில் வருவதுதான். "டிவியத் தொடைக்கறீங்களே தம்பி, கவரிங்கத் தொடச்சா தங்கமாயிடுமா?"

அழைப்பு

கடைக்குத் திரும்பி, கற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மஞ்சளைக் கூட்டினேன். பந்திச் சோறு எலுமிச்சை சாதமானது. ஐயருக்குக் காமாலை கண்டது. பெண்ணின் அப்பா மஞ்சள் சட்டையோடு நின்று, வந்தவர்களை வரவேற்றார். நகை மட்டும் தகதகவென்று எரிந்தது. அதையும் அரியலூருக்கு எடுத்துப்போய் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். "இப்பதான் தங்கம் மாதிரி இருக்கு. மருமவள நாளைக்கே அழைச்சிக்கிட்டு வந்துடறோம்."

நீலப் புடவை

மறு வாரம் சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்த பெண்ணும் மாப்பிள்ளையும் கடைக்கும் வந்தார்கள். மாப்பிள்ளை வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "அண்ணே, பொண்ணழைப்புக்கு நான் கட்டுனது நீலப் புடவ. அதப் பச்சையாக்கி வச்சிருக்கீங்க. இருந்துட்டுப் போவட்டும் விடுங்க, எங்க அத்த புடவையப் பாக்கவே இல்ல."

வண்ணம் திருத்த யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நானே கற்றது என்று சொல்வதில்லை. அரியலூரில் ஒரு மாமியாரிடம் என்றுதான் சொல்கிறேன்.