பாட்டு நின்ற இடம்

பெரகல சந்தியில் பஸ் நின்றிருந்தபோது, பழைய இங்கிலீஷ் குடிகாரப் பாட்டொன்றை யாரோ ஒரு பெண் புதிதாகப் பாடியிருப்பது ஸ்பீக்கரில் கேட்டது. பக்கத்தில் என் மகள் கூடவே முணுமுணுத்தாள்.

அதே பாட்டைத் தேயிலைத் தோட்டத்துக் கள்ளுத் தவறணை ரேடியோவில் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமல் தன் தமிழில் வளைத்துப் பாடிக்கொண்டேதான் அப்பா அந்தியில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறிவருவார், பாடிக்கொண்டிருக்கும்வரை யாரையும் அடிக்கமாட்டார், ஆனால் தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் பாட்டு நின்றுவிட்டால், "பாப்பா, கத்திய ஒளிச்சு வை" என்பாள் அம்மா, நான் தேயிலைச் செடி வெட்டும் அவருடைய கவ்வாத்துக் கத்தியை மாவுச் சாக்குக்குள் செருகிவிட்டுக் காத்திருப்பேன்.

இப்போது அந்தத் தவறணையும் இல்லை, லயமும் இல்லை.

பாட்டின் நடுவே அந்தப் பெண் மூச்சுவிட நிறுத்தினாள்.

"எதுக்கும்மா குடைய சீட்டுக்கடியில ஒளிக்கிறீங்க?" என்றாள் மகள்.