பாசிர் கூடாங்கில் நான் கேட்க மறந்தது

ஆப்பிரிக்கப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளியுறவு வேலை பார்த்தவன் நான். பிரெஞ்சு மொழியை வானொலி கேட்டே கற்றேன். மற்றதெல்லாம் மனிதர்கள் கற்றுக்கொடுத்தது. நான் வேலை பார்த்த ஒரு மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் ஒரு காய்கறிக்காரம்மா சொன்னார்: "வீட்டைக் கேக்காம விலையைக் கேக்காதே." அங்கே தாய், பிள்ளை, உடம்பு, மழை எல்லாம் விசாரித்த பிறகுதான் காரியம். எத்தனை இளம் அதிகாரிகளிடம் இதை ஓதியிருப்பேன்!

அப்பேர்ப்பட்ட நானே கோட்டைவிட்டேன், அதுவும் பிறந்த மண்ணில்.

அந்த நாட்டின் துறைமுகச் செயலாளர், என் ஊர்த் துறைமுகமான பாசிர் கூடாங்குக்கு வந்திருந்தார். அவர்களுடைய ஆட்களுக்கு இங்கே பயிற்சி கொடுக்க ஓர் ஒப்பந்தம். மூன்று வருடம் நான் அலைந்து கொண்டுவந்தது. காலையில் கையெழுத்து, மாலையில் விமானம். சொந்த ஊர் என்ற துள்ளலில், கைகுலுக்கிய வேகத்திலேயே ஒப்பந்தத்தை விரித்து நீட்டிவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "ஊருக்குப் போய் யோசிக்கிறோம்."

எங்கள் தொழிலில் அதற்கு 'முடியாது' என்று பொருள். அவரோடு காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது: அவர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இப்போது கேட்டால் கையெழுத்துக்காகக் கேட்டதாகிவிடும். ஓட்டலில் மதிய விருந்தை ரத்து செய்துவிட்டு, பக்கத்தில் பெர்மாஸ் ஜெயாவில் எனக்குப் பழக்கமான பாயின் சாப்பாட்டுக் கடைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

பாய் நாற்காலியை இழுத்துப்போட்டு செயலாளர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சார், ஐயாகிட்ட கேளுங்க லா, பிள்ளைங்க எத்தன?"

பிரெஞ்சில் கேட்டுச் சொன்னேன். "ஏழு பேராம்."

"அலமாக்! எனக்கு நாலுக்கே முடி கொட்டிருச்சு. முட்டி வலி இருக்கான்னு கேளுங்க. மழ வர்றத எனக்கு முட்டிதான் மொதல்ல சொல்லும்!"

செயலாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். எனக்கும் நாக்கு அவிழ்ந்தது. அவருடைய தாயைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி ஆசையோடு கேட்டுக்கொண்டே இருந்தேன். மீன் கறி தீர்ந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அம்மா?"

"பக்கத்துலதான், பத்து நிமிஷம். வந்து ரெண்டு நாளாச்சு, இன்னும் பாக்கல."

அவர் எழுந்தே விட்டார். "பெத்தவளப் பாக்காம என்னையா கூட்டிக்கிட்டு அலையுறீங்க? வாங்க போவோம். அந்த ஒப்பந்தத்தையும் எடுத்துக்குங்க."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் பேனாவைத் திறந்தார். அம்மா என் காதோடு சொன்னார்: "டேய், மொத படிச்சுப் பாக்கச் சொல்லுடா அவர. பாவம், நல்ல மனுசனா தெரியுறாரு."