பேச்சில்லாத படத்துக்கு நான் சொன்ன கதை

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டாருக்கு ஒரு பழக்கம். தெரியாத மொழிப் படத்துக்குப் போனால், ஒருவர் பக்கத்திலிருந்து கதை சொல்ல வேண்டும். அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். ஹிந்தியோ இங்கிலீஷோ எனக்கும் ஒரு மண்ணும் விளங்காது. முகங்களைப் பார்த்து ஏதாவது கதை அடித்துவிடுவேன். "படத்தைவிட அக்காட கதை நல்லம்" என்று தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தத் தங்கச்சிதான் தன் மகன் செத்த பிறகு வாய் திறக்கவில்லை. ஒருகொடவத்தை கொள்கலன் யார்டுக்கு வேலைக்குப் போன பிள்ளை, மூடின சவப்பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தான். சோறு ஊட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வந்த சனமெல்லாம் ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தது. "அழுது கொட்டிடு பிள்ளை" என்றார்கள், அவள் அழவுமில்லை. நான் செவ்வாய்தோறும் கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், பல நாடுகளிலும் விருது வாங்கின சின்னச் சின்னக் கார்ட்டூன் படங்கள் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளை இழுத்துக்கொண்டு போனேன். என் அலட்டலுக்கு ஒருக்கால் சிரித்துவிட்டால் போதும் என்றிருந்தது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் படம் முழுக்க மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது, கம்பளி நூலில் செய்த பொம்மைகளின் படம். பனி கொட்டும் ஊர். ஒரு கிழட்டு பஸ் டிரைவர், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பஸ் ஹோல்ட்டில் நிறுத்திக் கதவைத் திறக்கிறார். யாரும் ஏறுவதில்லை. மூடிக்கொண்டு போகிறார். ஒரு வார்த்தை பேச்சில்லை.

நான் தொடங்கினேன். "ஏற வேண்டிய ஆளுக்கு லேட்டாப் போச்சு போல. மனிசி இன்னும் சோத்துப் பார்சல் கட்டேல்லை. பார், அடுத்த சுத்துக்கு ஆள் ஓடி வரும்."

பின் வரிசையில் ஒரு பொடியன் குனிந்தான். "அன்ரி, படத்திலேயே ஒருத்தரும் கதைக்கேல்லை. நீங்க மட்டும் ஏன் கதைக்கிறீங்க?"

"கொஞ்சம் பொறு மகன், இவவுக்கு விளங்க வேணுமே."

யாரைக் கண்டாலும் மகன் என்று கூப்பிடும் வாய். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"அந்தாளுக்குத் தெரியும்" என்றாள் தங்கச்சி. இத்தனை நாள் கழித்து வந்த குரல், கரகரத்துப் போயிருந்தது.

"என்னடி?"

"ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு. தெரிஞ்சுதான் திறக்கிறார். நீ ஏன் பொய் சொல்றாய்?"

எழுந்து வெளியே நடந்தாள். பின்னால் ஓடினேன். படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"பெட்டியைத் திறக்க விடேல்லை. நீதான் போய்ப் பார்த்தனீ. நித்திரை மாதிரிக் கிடந்தான் எண்டாய்."

"ஓம்."

"ஆரிட முகத்தைப் பார்த்து அந்தக் கதையைச் சொன்னாய்? அவன்டயா, என்டயா?"

சொன்னால் இவளும் போய்விடுவாளோ என்ற பயம். சொல்லாமல் இருந்ததில்தான் போய்க்கொண்டிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். லொறி பின்னுக்கு வந்ததை, அவன் பின்னால் நின்றதை யார்ட்டில் யாரும் காணாததை, ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி எனக்குக் காட்டியதை. ஒன்றையும் அழகாக்கவில்லை.

அசையாமல் கேட்டாள். கடைசியில், "சப்பாத்து?" என்றாள்.

"ஒரு காலில கிடந்தது."

"மற்றது?"

"தெரியாதடி."

அவள் எழுப்பிய ஓலத்தில் உள்ளே படத்தை நிறுத்திவிட்டார்கள்.